விளையாட்டு வீரர்களின் ஊதியத் தகராறுகளும் வீட்டுப் பலகை ஆட்டங்களும்

விளையாட்டுத் தொழில் தகராறு என்பது, ஊதியம் பெற்று ஆடும் வீரர்களுக்கும் அவர்களை ஆடவைக்கும் அணி உரிமையாளர், லீக் அல்லது விளையாட்டு வாரியத்துக்கும் இடையே சம்பளம், ஒப்பந்தம், விளம்பர உரிமை முதலியவை குறித்து எழும் பிணக்கு ஆகும். பிணக்கு முற்றி வீரர்கள் ஆட மறுத்தால் அது வேலைநிறுத்தம். உரிமையாளர்கள் வீரர்களை உள்ளே விடாமல் மறித்தால் அது கதவடைப்பு. இரண்டிலும் ஆட்டம் நின்றுபோகும். வீட்டில் ஆடும் தாயம், பல்லாங்குழி, கேரம் போன்றவற்றுக்கு இந்த நிலை வருவதில்லை; ஆடுவோரே அவற்றின் உரிமையாளர்கள். ஆனால் அத்தகைய வீட்டு ஆட்டம் ஒன்றையே ஒருவர் வாழ்க்கையாக எடுத்துக்கொண்டால், ஊதியம் கேட்டு வாதாடுவதற்கு எதிரே யாரும் இல்லை என்ற வேறொரு சிக்கல் எழுகிறது. கடலூர் மாவட்டத்திலிருந்து தொடங்கி இந்த இரு நிலைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வீட்டு ஆட்டங்கள்

கடலூர், சிதம்பரம் வட்டாரத்து வீடுகளில் ஆடப்படும் பழைய ஆட்டங்கள் தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் உள்ளவையே. தாயத்துக்குத் தரையில் சாக்கட்டியால் போட்ட கட்டமும் இரண்டு தாயக்கட்டைகளும் போதும். கட்டை இல்லாவிட்டால் சோழி. பல்லாங்குழிக்கு இரு வரிசையில் ஏழேழாகப் பதினான்கு குழிகள். புளியங்கொட்டையோ சோழியோ காயாகும். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் மோதும். பரமபதம் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காக ஆடப்படுவது. நடராசர் கோயிலுக்குள்ளேயே கோவிந்தராசப் பெருமாள் சந்நிதியும் உள்ள சிதம்பரத்துக்கு அந்த இரவு அயலானது அன்று.

இவற்றோடு பின்னாளில் சேர்ந்தது கேரம். கோடை விடுமுறையில் வீட்டுத் திண்ணையிலும், மாலையில் மன்றங்களிலும் டீக்கடை ஓரத்திலும் பலகை போடப்படும். சிவப்புக் காய்க்கு எத்தனை புள்ளி, தவறிப் போட்டால் எத்தனை காய் திரும்ப வைக்க வேண்டும் என்பதெல்லாம் தெருவுக்குத் தெரு மாறும். விதி வைப்பவர், நடுவர், ஆடுபவர் எல்லாரும் ஒரே கூட்டம்தான். சண்டை வந்தால் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு மறுநாள் ஆடலாம். அதனால் யார் வீட்டு அடுப்பும் அணைவதில்லை.

ஆட்டம் வேலையாவது எப்படி

ஓர் ஆட்டத்தைப் பார்க்கப் பிறர் பணம் கொடுக்கத் தொடங்கும்போது நிலைமை மாறுகிறது. நுழைவுச்சீட்டு, தொலைக்காட்சி உரிமை, விளம்பரம் ஆகிய மூன்று வழிகளிலும் வருவாய் வருகிறது. எந்த நாளில், எந்த ஊரில் ஆடுவது என்பதை வீரர் அல்லாத ஒருவர் முடிவு செய்கிறார். வீரர் ஒப்பந்தத்தால் கட்டுப்படுகிறார்; விரும்பியபோது வேறு அணிக்குப் போக முடியாது. அவருடைய தொழில் வாழ்க்கையும் குறுகியது. அலுவலக ஊழியர் அறுபது வயதுவரை வேலை பார்க்கலாம். கால்பந்து வீரருக்கு முப்பத்தைந்து வயதே முதுமை. ஒரு பருவம் வீணானால் அதைத் திரும்பப் பெற வழியில்லை. வீரர்களின் தகராறுகள் கடுமையாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இந்தியச் சட்டத்தில் இவர்களின் இடம் தெளிவாக இல்லை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 'தொழிலாளி' என்பதன் வரையறை விளையாட்டு வீரரைப் பெயர் குறித்துச் சேர்க்கவில்லை. அதன் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், உழைக்கும் பத்திரிகையாளர்களையும் விற்பனை மேம்பாட்டு ஊழியர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்தது, வீரர்களைச் சொல்லவில்லை.

பிற நாடுகளில் நடந்த தகராறுகள்

அமெரிக்காவின் பேஸ்பால் வீரர்கள் 1994 ஆகஸ்ட் 12 அன்று வேலைநிறுத்தம் தொடங்கினர். வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்க உரிமையாளர்கள் முயன்றதே காரணம். அவ்வாண்டின் உலகத் தொடர் இறுதிப் போட்டிகள் கைவிடப்பட்டன. நீதிமன்றம் வீரர்களுக்குச் சார்பாகத் தடையாணை வழங்கிய பின், 1995 ஏப்ரல் 2 அன்று வேலைநிறுத்தம் முடிந்தது. வட அமெரிக்கப் பனி ஹாக்கி லீக்கில் இதே உச்சவரம்புக்காக உரிமையாளர்கள் கதவடைப்பு செய்தனர். 2004–05 பருவம் முழுவதும் ஒரு போட்டிகூட நடக்கவில்லை. அங்கு உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது.

2014 அக்டோபரில் மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெட் அணி, தங்கள் வாரியத்துடனும் வீரர் சங்கத்துடனும் ஏற்பட்ட ஊதியப் பிணக்கால் இந்தியச் சுற்றுப்பயணத்தைத் தர்மசாலாவில் பாதியில் முடித்துக்கொண்டது. வங்காளதேச வீரர்கள் 2019 அக்டோபரில் 11 கோரிக்கைகளை வைத்து வேலைநிறுத்தம் செய்தனர். உள்ளூர்ப் போட்டிகளில் ஆடும் பெயர் தெரியாத வீரர்களின் ஊதிய உயர்வும் அவற்றில் ஒன்று. சில நாட்களிலேயே வாரியம் இறங்கிவந்தது.

இந்தியாவில்

2002ஆம் ஆண்டு இலங்கையில் நடந்த ஐசிசி சாம்பியன்ஸ் கோப்பைக்கு முன், போட்டியின் விளம்பரதாரர்களுக்குப் போட்டியான நிறுவனங்களின் விளம்பரங்களில் வீரர்கள் தோன்றக்கூடாது என்ற நிபந்தனையை இந்திய வீரர்கள் எதிர்த்தனர். பேச்சுவார்த்தைக்குப் பின் தளர்த்தப்பட்ட நிபந்தனைகளுடன் ஆடினர். 2019இல் இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் சங்கம் தொடங்கப்பட்டது; ஆனால் அதில் ஓய்வுபெற்றவர்களே உறுப்பினராக முடியும், இப்போது ஆடுபவர்கள் முடியாது.

ஹாக்கியில் 2010 ஜனவரியில் புனே பயிற்சி முகாமில் இருந்த இந்திய அணியினர், தங்களுக்குச் சேரவேண்டிய தொகையைக் கேட்டுப் பயிற்சியைப் புறக்கணித்தனர். டெல்லியில் உலகக் கோப்பை தொடங்க ஏழு வாரங்களே இருந்தன. சில நாட்களில் உடன்பாடு ஏற்பட்டு வீரர்கள் திரும்பினர். கேட்ட நேரம் சரியாக இருந்ததே அவர்களுக்குக் கைகொடுத்தது எனலாம்.

கால்பந்தில் 2006இல் பாய்ச்சுங் பூட்டியா முன்னின்று தொடங்கிய வீரர் சங்கம் உள்ளது. ஆயினும் 2025 ஜூலையில் கூட்டமைப்புக்கும் வணிகக் கூட்டாளிக்கும் இடையிலான ஒப்பந்தம் முடியப்போவதைக் காரணம் காட்டி ஐஎஸ்எல் தொடர் நிறுத்திவைக்கப்பட்டபோது, வீரர்களின் கையில் எதுவும் இல்லை. சென்னையின் எஃப்சி உட்படச் சில அணிகள் செயல்பாட்டை நிறுத்தின. அது வேலைநிறுத்தமும் அன்று, சட்டப்படியான கதவடைப்பும் அன்று. ஆனால் வீரருக்கு விளைவு ஒன்றுதான்.

கடலூரின் கால்பந்து

இந்திய மகளிர் அணியில் நடுக்கள வீராங்கனையாக ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூரைச் சேர்ந்தவர். 2018இல் தமிழ்நாடு முதன்முறையாகத் தேசிய மகளிர் சாம்பியன் பட்டம் வென்ற அணியிலும், 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்ற சேது எஃப்சி அணியிலும் ஆடியவர். அந்த லீக் போட்டிகள் லூதியானாவில் மே மாதத்தில் மூன்று வாரங்களுக்குள் முடிந்துவிட்டன. மூன்று வார லீக்கை நம்பி ஆண்டு முழுவதும் வாழ முடியாது. இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020இல் கொரோனா ஊரடங்கால் உலகெங்கும் போட்டிகள் நின்றபோது, அவர் சென்னைத் தெருக்களில் காவல் பணியில் இருந்தார். வீடுகளில் அடைபட்ட மக்கள் பரணிலிருந்து கேரம் பலகையை இறக்கியதும் அதே நாட்களில்தான்.

தமிழ்நாட்டு வீரர் பலருக்கு உண்மையான சம்பளம் தருவது அணி அன்று. காவல்துறை, ரயில்வே, வங்கி, பொதுத்துறை நிறுவனம் ஆகியவையே. மாநில அரசு வேலைகளில் வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உள்ளது. பட்டம் வென்ற ஓர் அணி தன் ஆட்டக்காரருக்கு முழுச் சம்பளம் தராமலே ஆட முடிவது இதனால்தான். 2023இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, மகளிர் லீக் அணிகள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுடன் ஆண்டுக்கு ரூ. 3.2 லட்சத்துக்குக் குறையாத ஒப்பந்தம் செய்ய வேண்டும் என அறிவித்தது. மாதக் கணக்கில் இது ஏறத்தாழ ரூ. 26,700. பெரிய தொகை இல்லை. எனினும் கேட்டுப் பெறத்தக்க ஓர் எண் எழுத்தில் வந்தது அதன் சிறப்பு.

கேரம்: முதலாளி இல்லாத தொழில்

பன்னாட்டுக் கேரம் கூட்டமைப்பு 1988இல் சென்னையில் தொடங்கப்பட்டது. வீட்டுக்கு வீடு மாறிய விதிகள் ஒன்றாயின: ஓர் ஆட்டம் 25 புள்ளி அல்லது எட்டுப் பலகை, சிவப்புக்கு மூன்று புள்ளி. சென்னையின் மரிய இருதயம் இருமுறை உலகச் சாம்பியனாகி 1996இல் அர்ச்சுனா விருது பெற்றார். வியாசர்பாடியின் இளவழகி 2008இல் பிரான்சில் உலகப் பட்டம் வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா மூன்று தங்கம் வென்றார். அவருக்குத் தமிழ்நாடு அரசு ரூ. 1 கோடி வழங்கியது. அதே காலத்தில் சதுரங்க உலகச் சாம்பியனான குகேஷுக்கு ரூ. 5 கோடி வழங்கப்பட்டது.

இரண்டுமே பாராட்டத்தக்க உதவிகள். ஆனால் ஊக்கத்தொகை வேறு, ஊதியம் வேறு. ஊக்கத்தொகை வென்றவருக்கு, ஒருமுறை, அரசின் விருப்பப்படி வருவது. ஊதியம் வென்றாலும் தோற்றாலும், ஒப்பந்தப்படி, உரிமையாக வருவது. கேரத்தில் தொலைக்காட்சி வருவாய் இல்லை, அணி உரிமையாளர் இல்லை. எனவே வேலைநிறுத்தம் செய்தாலும் நட்டப்படுவார் எவரும் இல்லை. பணம் புழங்கும் பலகை ஆட்டமான சதுரங்கத்தில் நிலைமை வேறு. 1993இல் காஸ்பரோவும் ஷார்ட்டும், தங்களைக் கேட்காமல் உலகப் பட்டப் போட்டியின் ஏற்பாடுகள் முடிவு செய்யப்பட்டன என்று பிடே அமைப்பிலிருந்து விலகித் தனியே ஆடினர். 1995இல் விசுவநாதன் ஆனந்த் காஸ்பரோவைச் சந்தித்தது அந்தத் தனி அமைப்பின் பட்டத்துக்காகவே. அந்தப் பிளவு 2006வரை நீடித்தது.

தகராறின் பொருள்

ரசிகர்கள் பொதுவாக விளையாட்டுத் தகராறுகளைப் பேராசை என்று வெறுக்கின்றனர். கோடிகளில் சம்பளம் வாங்குபவர் ஆட மறுப்பது எரிச்சலூட்டும். எனினும் தகராறு நடப்பதற்கே வருவாய், எழுத்து ஒப்பந்தம், வீரர்களின் ஒற்றுமை என்ற மூன்றும் வேண்டும். இவை உள்ள இடத்தில்தான் ஆட்டம் நிற்கும். பின்னர் பேசித் தீரும். இவை இல்லாத இடத்தில் ஆட்டம் தடையின்றி நடக்கும். ஆடுபவர்தான் இருபத்தைந்து வயதில் வேலை தேடிச் சத்தமின்றி விலகிவிடுவார். கடலூரில் பந்து உதைக்கும் சிறுமிக்கும், சிதம்பரத்தில் திண்ணையில் கேரம் ஆடி மாவட்டப் போட்டிக்குச் செல்லும் சிறுவனுக்கும் இது தெரிந்திருப்பது நல்லது. கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் தொகை, காலம், காயமடைந்தால் மருத்துவச் செலவு ஆகிய மூன்றும் எழுதப்பட்டுள்ளனவா என்று பெற்றோர் பார்க்க வேண்டும். வீட்டுத் தாயத்தில் விதியை ஆட்டம் தொடங்குமுன் பேசிக்கொள்வது வழக்கம்; அதே வழக்கம் இங்கும் பொருந்தும்.