எம் வீட்டுக் கிளிகள்

கப்பல்துறையிலுள்ள எம் இல்லத்தில் கிளிகள் இரண்டு செய்யும் அட்டகாசம் சொல்லுந்தரமன்று. கதவு நிலை, செருப்பு வார், ஏன், மாணவர்தம் விடைத்தாள்களுமே அவற்றின் அலகுக்கு இரையாயின! "கூட்டுக்குள்ளேயே பூட்டி வையுங்கோ" என்கின்றனர் வீட்டார். நாம் உடன்படோம். கிளியின் அலகு வாழ்நாள் முழுதும் வளர்வது. எதையேனும் கொறித்துத் தேய்த்தே ஆகவேண்டும். தனியே அடைபட்டுச் சலிப்புற்ற கிளி தன் இறகையே பிடுங்கிக்கொள்வதும் உண்டு. ஆதலின், நாள்தோறும் கொய்யாக் கொம்பொன்று கொடுத்தோம், விடைத்தாள்கள் தப்பின. செருப்பு தப்பவில்லை.

கிளியின் அறிவோ வியப்புக்குரியது. அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் அம்மையார் பயிற்றிய அலெக்ஸ் என்னும் சாம்பற்கிளி, 2007 இல் இறக்குமுன், பொருள்களின் நிறத்தையும் வடிவத்தையும் வினவினால் விடை பகர்ந்தது. எம் கிளிகள் கற்றதோ, நாம் வாயிலில் நுழைந்ததும் "தேங்காய் வாங்கினியளோ?" என்று இல்லாள் குரலிற் கேட்பது மட்டுமே.