ரத்தம் பார்த்தாச்சு, மனசைப் பார்த்தீங்களா?

கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை நாளில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் எடை, பிபி, ஹீமோகுளோபின், சர்க்கரை எல்லாம் மளமளவென்று அட்டையில் ஏறிவிடும். "ராத்திரி தூக்கம் வருதாம்மா?" என்று நர்ஸம்மா கேட்டால் மட்டும் பதில் பக்கத்திலிருந்து வரும். "அவளுக்கென்ன, நல்லாத் தூங்குறா" என்பார் மாமியார். அந்தப் பெண் வாயே திறக்கமாட்டாள்.

மனசைப் பார்க்க மெஷின் வேண்டாம். எடின்பரோவில் உருவாகி 1987-ல் வெளியான வினாப்பட்டியல் ஒன்று இருக்கிறது. பத்தே கேள்விகள்தான். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, அழுகை வந்ததா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. பிரசவித்த தாய்மாருக்கென்று வந்தது, இப்போது கர்ப்பிணிகளிடமும் கேட்கப்படுகிறது. அசதி, பசியின்மை பற்றி அதில் பேச்சே இல்லை. கெட்டிக்காரத்தனம்தான், மாசமாக இருப்பவளுக்கு அசதி இல்லாமல் இருக்குமா? தமிழிலும் இது சரிபார்க்கப்பட்டிருக்கிறது.

பத்தாவது கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும், இதற்கு 'ஆமாம்' என்றால் அன்றே டாக்டர் பார்த்தாக வேண்டும். மற்றபடி மதிப்பெண் கூடினாலே நோய் என்று முத்திரை குத்தக் கூடாது. உட்கார்ந்து விவரமாகப் பேசிப் பார்த்த பிறகே அதைச் சொல்ல முடியும்.

வேலூர்ப் பக்கக் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குப் பிறகும் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2002-ல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் 11 சதவீதம். பின்னணியில் இருந்தவை: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனஸ்தாபம், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது. இவற்றில் பெரும்பாலானவை ஐந்தாம் மாதத்திலேயே கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் யார் பக்கத்தில் இருக்கும்போது கேட்பது? மாமியாரை வைத்துக்கொண்டே மாமியாரைப் பற்றிக் கேட்டால் எந்த மருமகள் பதில் சொல்வாள்? கூட வந்தவர்களைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்பது, கேள்விகளைவிட முக்கியம் என்பேன்.

கேட்டால் மட்டும் போதாது. அடுத்து எங்கே அனுப்புவது என்பது செவிலியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பலருக்குப் பேச்சுவழி ஆலோசனையே போதும். சிலருக்கு மாத்திரை தேவைப்படும். ஏற்கெனவே மனநல மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பம் என்று தெரிந்ததும் தாங்களாக நிறுத்திவிடுவது ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

உங்கள் வீட்டில் மாசமாக இருக்கும் பெண் இரண்டு வாரமாகக் கலகலப்பில்லாமல் இருந்தால், "எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்று தள்ளிவிடாதீர்கள். டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.