விளையாட்டரங்கமா, குடிதண்ணீரா? பொதுப்பணம் எனும் அமானிதம்

ஒரு விளையாட்டரங்கத்தைப் புதுப்பிக்க அரசு பல கோடி ரூபாய் ஒதுக்கியது என்று செய்தி வந்தால், உடனே இரண்டு குரல்கள் எழுகின்றன. "குடிக்கத் தண்ணீர் இல்லை, சாக்கடை தெருவில் ஓடுகிறது, இப்போது விளையாட்டரங்கம் ஒரு கேடா?" என்பது ஒரு குரல். "எப்போது பார்த்தாலும் தண்ணீர், சாக்கடை என்றே பேசிக்கொண்டிருந்தால் நம் பிள்ளைகள் எப்போது முன்னேறுவது?" என்பது மற்றொரு குரல். இரண்டிலுமே நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு தரப்பும் பேசாமல் விடும் கேள்வி ஒன்று உண்டு: அது யாருடைய பணம், அதை எந்த வரிசையில் செலவிட வேண்டும்?

தருமபுரி மாவட்டத்தில், கம்பைநல்லூர் போன்ற பேரூராட்சிகளில் வாழும் நமக்கு இது டெல்லிக்காரர்களும் சென்னைக்காரர்களும் மட்டும் பேசிக்கொள்ளும் விவகாரமல்ல. தண்ணீர் என்பது எலும்பையும் பல்லையும் தொடும் பிரச்சினையாக இருந்த மாவட்டம் இது. ஆகவே மார்க்கத்தின் வெளிச்சத்திலும் நடந்த வரலாற்றின் வெளிச்சத்திலும் இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

விளையாட்டை மார்க்கம் வெறுக்கிறதா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுவோம். விளையாட்டு என்றாலே வீண் என்று கருதுவது இஸ்லாமியப் பார்வை அல்ல. நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஒரு தூரம், பயிற்சி பெறாதவற்றுக்கு ஒரு தூரம் என்று எல்லை வகுத்துக் கொடுத்ததை இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பாக புகாரியில் காண்கிறோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபியவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடியது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பெருநாள் அன்று அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியிலேயே ஈட்டி விளையாட்டு நடத்தியபோது, ஆயிஷா (ரலி) அதைப் பார்ப்பதற்காக நபியவர்கள் மறைத்து நின்று உதவினார்கள். பலவீனமான இறைநம்பிக்கையாளரைவிட பலமான இறைநம்பிக்கையாளர் சிறந்தவர் என்ற கருத்திலமைந்த நபிமொழி முஸ்லிமில் இருக்கிறது.

எனவே உடலுக்கு வலிமை தரும் விளையாட்டும், அதற்கான திடலும் தேவையே. செல்பேசியிலும் போதையிலும் இளைஞர்கள் தொலைந்துபோகும் காலத்தில், மாலையில் ஓடியாட ஒரு மைதானம் இருப்பது பெரும் நன்மை. மைதானம் வேண்டுமா வேண்டாமா என்பதில் நமக்குக் குழப்பமில்லை. எவ்வளவு செலவில், எதற்கு முன்னால், எதற்குப் பின்னால் என்பதே கேள்வி.

மூன்று படிகள்

பிக்ஹ் கலையின் அறிஞர்கள் இதற்கு அருமையான அளவுகோல் ஒன்றைத் தந்துள்ளார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது "அல்முஸ்தஸ்ஃபா"விலும், பின்னர் இமாம் ஷாத்திபி (ரஹ்) "அல்முவாஃபகாத்"திலும் மனித நலன்களை மூன்று படிகளாகப் பிரித்து விளக்கினார்கள்.

முதல் படி ளரூரிய்யாத். இவை இல்லாமல் உயிரோ வாழ்வோ நிலைக்காது. குடிநீர், உணவு, நோய்த்தடுப்பு, உயிர்ப் பாதுகாப்பு ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவது ஹாஜிய்யாத். இவை இல்லாவிட்டாலும் உயிர் பிழைக்கலாம்; ஆனால் வாழ்க்கை கடும் சிரமமாகிவிடும். நல்ல சாலை, பேருந்து வசதி, பிள்ளைகள் ஓடியாட ஓர் இடம் ஆகியவற்றை இந்தப் படியில் வைக்கலாம். மூன்றாவது தஹ்ஸீனிய்யாத். வாழ்வை அழகுபடுத்துபவை இவை. குளிரூட்டப்பட்ட பார்வையாளர் மாடம், வண்ண விளக்குகள், விண்ணைத் தொடும் கூரை போன்றவை இங்கே வருகின்றன.

இந்தப் பகுப்பின் சாரம் எளிமையானது. மேற்படி தஹ்ஸீனிய்யாத்துக்காக அடிப்படியான ளரூரிய்யாத்தைப் பாழாக்கக் கூடாது. இப்படிப் பார்த்தால் "விளையாட்டரங்கம்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு பொருட்கள் இருப்பது தெரியும். ஊர்ப் பிள்ளைகள் விளையாடும் திடல் இரண்டாம் படி. சில வார நிகழ்ச்சிக்காகப் பளபளப்பாக்கப்படும் பிரம்மாண்டம் மூன்றாம் படி.

ஆட்சியாளர் உரிமையாளர் அல்லர்

குடிமக்கள் விஷயத்தில் ஆட்சியாளர் எடுக்கும் எந்த முடிவும் அவர்களின் நலனோடு கட்டுண்டது என்பது ஒரு பிக்ஹ் விதி. ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் சுயூத்தி (ரஹ்), ஹனஃபி மத்ஹபின் இப்னு நுஜைம் (ரஹ்) ஆகிய இருவருமே "அல்அஷ்பாஹ் வந்நளாயிர்" என்ற ஒரே பெயர் கொண்ட தத்தமது நூல்களில் இதைக் குறிப்பிடுகிறார்கள். பொதுப்பணம் ஆட்சியாளரின் சொந்தப் பணமல்ல, அவர் அதன் பொறுப்பாளர் மட்டுமே என்பது இதன் அடிப்படை. அமானிதங்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்கும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 58-வது வசனம் கட்டளையிடுகிறது. மக்களின் செல்வத்தில் உரிமையின்றிப் புகுந்து விளையாடுவோருக்கு மறுமையில் நரகம் உண்டு என்ற கடும் எச்சரிக்கை புகாரியில் வருகிறது.

கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக இமாம் அபூயூசுஃப் (ரஹ்) எழுதிய "கிதாபுல் கராஜ்" இன்றைய பொதுநிதி நூல்களுக்கு முன்னோடி. தஜ்லா, ஃபுராத் போன்ற பெரிய ஆறுகளின் கரைகளைப் பராமரிக்கும் செலவு பைத்துல் மாலைச் சேர்ந்தது, ஏனெனில் அது எல்லோருக்கும் பொதுவான நலன் என்று அவர் எழுதினார். தண்ணீருக்கும் வெள்ளத் தடுப்புக்கும் கருவூலத்தில் முதலிடம் என்பது நம் மரபில் பன்னிரண்டு நூற்றாண்டுப் பழைய செய்தி.

டெல்லி சொல்லும் பாடம்

நம் நாட்டில் நடந்த பெரிய உதாரணம் 2010-ம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி. 2003-ல் போட்டியை நடத்த உரிமை கோரியபோது போடப்பட்ட மதிப்பீடு சுமார் 1,200 கோடி ரூபாய். 2011-ல் வெளிவந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைப்படி, மத்திய அரசும் டெல்லி அரசும் அதன் அமைப்புகளும் ஒதுக்கிய தொகை 18,532 கோடி. பதினைந்து மடங்குக்கும் மேல்! மெட்ரோ ரயில், விமான நிலையம் ஆகியவற்றுக்கான முதலீடுகள் இதில் சேராது.

அந்தப் போட்டிக்காக ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கத்தைப் புதுப்பிக்க மட்டும் 961 கோடி ரூபாய் செலவானது. அதே அரங்கத்தை இடித்துவிட்டு அங்கே "விளையாட்டு நகரம்" அமைக்கும் திட்டம் 2025 நவம்பரில் செய்தியானது. பதினைந்தே ஆண்டுகள்!

இதைவிட வேதனையான செய்தி ஒன்று உண்டு. பட்டியல் சாதி மக்களின் முன்னேற்றத்துக்கென டெல்லியில் ஒதுக்கப்பட்ட துணைத்திட்ட நிதியிலிருந்து சுமார் 700 கோடி ரூபாய் காமன்வெல்த் பணிகளுக்குத் திருப்பிவிடப்பட்டது. தலித் உரிமை அமைப்புகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் துணையோடு இதை வெளிக்கொணர்ந்தன. நிதி திருப்பப்பட்டது தவறு என்று 2010 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் ஒப்புக்கொண்டார். ஏழையின் கல்விக்கும் வீட்டுக்கும் உரிய பணம் பிரம்மாண்டத்துக்குப் போவதற்குப் பெயர் அமானித மோசடி. சிறுபான்மை நலனுக்கான ஒதுக்கீடுகள் குறித்துக் குரல் எழுப்பும் நாம், தலித் மக்களின் நிதி பறிக்கப்படும்போதும் அதே உறுதியோடு பேச வேண்டும். நீதி என்பது நமக்கு மட்டும் கேட்பதல்ல.

2030 காமன்வெல்த் போட்டியை நடத்தும் வாய்ப்பு இப்போது அகமதாபாத்துக்குக் கிடைத்துள்ளது. டெல்லியின் கணக்கு மறுபடி எழுதப்படாமல் இருக்க வேண்டும் என்பதே எல்லோரின் விருப்பமும்.

உலகிலும் இதே கதைதான். கனடாவின் மான்ட்ரியல் நகரம் 1976-ல் நடத்திய ஒலிம்பிக் கடனை அடைத்து முடிக்க 2006 வரை, அதாவது முப்பது ஆண்டுகள் ஆயின. கால்பந்தை உயிராக நேசிக்கும் பிரேசில் மக்களே 2013-ல் வீதிக்கு வந்தார்கள். பேருந்துக் கட்டண உயர்வில் தொடங்கிய அந்தப் போராட்டம், உலகக் கோப்பை அரங்கங்களுக்குக் கொட்டப்படும் பணத்தை மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் கொடு என்ற முழக்கமாக வளர்ந்தது.

சென்னையிலும் ஒரு சம்பவம் நினைவுகூரத் தக்கது. தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார் பந்தயம் 2023 டிசம்பர் 9, 10 தேதிகளில் நடப்பதாக இருந்தது. சில நாள் முன்னதாக மிக்ஜாம் புயல் நகரை மூழ்கடித்ததால் அது தள்ளிவைக்கப்பட்டு, 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்தது. அரசு செலவிட்ட 42 கோடியைத் தனியார் நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. சட்டப்படி அந்த விவாதம் முடிந்திருக்கலாம். ஆனால் முழங்காலளவு தண்ணீரில் நின்ற மக்களின் கேள்வி, "எது முதலில்?" என்பதுதான்.

நம் மாவட்டத்தின் கணக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது பல பத்தாண்டுகளாக அறிந்த உண்மை. ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இது இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டிய நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் பற்களில் பழுப்புக் கறை படியும். அளவு மேலும் கூடினால் எலும்பும் மூட்டும் இறுகி முதுகு வளையும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. கொதிக்கும்போது நீர் ஆவியாகிக் குறையுமே தவிர ஃபுளோரைடு அப்படியே தங்கிவிடும்.

இதற்குத் தீர்வாக வந்ததே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம். 2008-ல் முதல்வர் கலைஞர் மு. கருணாநிதி அடிக்கல் நாட்ட, 2013-ல் முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாயில் திட்டமிடப்பட்டது. இரு கட்சிகளின் ஆட்சியும் கைகொடுத்து முடித்த காரியம் என்பதால் இதை நாம் மனமாரப் பாராட்டலாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். டெல்லியில் ஒரே ஒரு அரங்கத்தைப் புதுப்பிக்க 961 கோடி. அதைப் போல் இரண்டு மடங்கில், இரண்டு மாவட்ட மக்களுக்குக் காவிரித் தண்ணீர். இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்த செலவுகள். ஒன்று பதினைந்து ஆண்டில் இடிக்கப் பேசப்படுகிறது. மற்றொன்று இன்றும் குழாயில் வந்துகொண்டிருக்கிறது. எது மக்கள் நலன் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அதற்காகப் பணி முடிந்துவிட்டது என்றும் பொருளல்ல. மக்கள்தொகை கூடுகிறது, குழாய்கள் பழுதாகின்றன, நீர் வராத நாளில் மக்கள் மீண்டும் ஆழ்துளைக் கிணற்றை நாடுகிறார்கள். அந்தக் கிணற்றில் பழைய ஃபுளோரைடு காத்திருக்கிறது.

சிறிய திடலின் பெரிய பலன்

தமிழக அரசு சட்டமன்றத் தொகுதிதோறும் சிறு விளையாட்டரங்கம் அமைக்கத் தொடங்கியபோது ஒவ்வொன்றுக்கும் நிர்ணயித்த மதிப்பீடு 3 கோடி ரூபாய். ஒரு சட்டமன்ற உறுப்பினரின் ஓராண்டுத் தொகுதி மேம்பாட்டு நிதியும் அதே 3 கோடிதான். இந்த அளவிலான செலவை நாம் எதிர்ப்பதற்கில்லை. 961 கோடியில் இப்படிப்பட்ட 320 திடல்களை அமைக்கலாம். தமிழகத்தின் 234 தொகுதிகளுக்கும் கொடுத்து மிச்சமும் இருக்கும்.

பக்கத்து சேலம் மாவட்டத்தைப் பாருங்கள். சின்னப்பம்பட்டியின் நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடி இந்திய அணிக்குப் போனார். பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் 2016 பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். இவர்களை உருவாக்கியவை பிரம்மாண்ட அரங்கங்கள் அல்ல; திறந்த மண்ணும் அக்கறையுள்ள ஆசிரியர்களுமே. ஆகவே திடல் கட்டும்போது கழிப்பறை, குடிநீர், விளக்கு, பராமரிப்பு ஆள் ஆகியவற்றையும் பெண் பிள்ளைகள் தயக்கமின்றி விளையாடத் தனி நேரத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று, கணக்குக் கேட்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் மனுச் செய்யலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பேரூராட்சி குடிநீருக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு செலவிட்டது என்பது நாம் அறிய உரிமையுள்ள விஷயம்.

இரண்டு, கூட்டங்களுக்குப் போக வேண்டும். கிராம சபை ஊராட்சிகளுக்கு உரியது. பேரூராட்சியில் அது கிடையாது. தமிழக நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைகள் நடைபெறுகின்றன. உங்கள் வார்டில் அது எப்போது கூடுகிறது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். கூடவில்லை என்றால் ஏன் என்றும் கேளுங்கள்.

மூன்று, தண்ணீரைச் சோதிக்க வேண்டும். மஹல்லாவில் உள்ள ஆழ்துளைக் கிணற்று நீரை, பள்ளிவாசல் கிணற்றையும் சேர்த்து, ஆய்வகத்தில் கொடுத்து ஃபுளோரைடு அளவைத் தெரிந்துகொண்டு மக்களுக்கு அறிவிப்பது ஜமாஅத்துகள் எளிதில் செய்யக்கூடிய பணி.

நான்கு, இதே அளவுகோலை நம் நிர்வாகங்களுக்கும் பொருத்த வேண்டும். அரசின் பிரம்மாண்டத்தைக் கேள்வி கேட்கும் ஜமாஅத், மினாராவின் உயரத்துக்கும் சலவைக்கல்லுக்கும் செலவிடுமுன் மஹல்லாவின் விதவைக்கும் நோயாளிக்கும் படிப்பை நிறுத்திய பிள்ளைக்கும் உரியது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

மறைந்த தாயாருக்காக எந்தத் தர்மம் சிறந்தது என்று ஸஅத் பின் உபாதா (ரலி) கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்தது தண்ணீர். ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) விலைக்கு வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அன்று தனிமனிதர் ஒருவர் செய்த அந்த நற்காரியத்தை இன்று நம் வரிப்பணத்தால் அரசு செய்ய முடியும். அந்தப் பணம் எங்கே போகிறது என்று விழித்திருந்து பார்ப்பது நம் கடமை. பொறுப்பில் இருப்போருக்கு அமானித உணர்வையும், கேள்வி கேட்கும் துணிவை நமக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.