திண்டிவனம்: தொகுதி தனி, தேர்வு யாருடையது?



திண்டிவனம் சட்டமன்றத் தொகுதி 2006 வரை பொதுத்தொகுதி. 2008 மறுவரையறையில் தனித்தொகுதியாகி, 2011 தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. 2001, 2006 தேர்தல்களில் அங்கே வென்ற அ.தி.மு.க.வின் சி.வி. சண்முகம் 2011இல் பொதுத்தொகுதியான விழுப்புரத்தில் நின்று வென்றார். தனித்தொகுதி ஆனதும் வேட்பாளர் மாறினார். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கை மாறியதா? இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் இத்தொகுதியின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

1952இல் இருந்து தொடங்குவோம். அன்று திண்டிவனம் நாடாளுமன்றத் தொகுதி இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒருவருக்கே போட முடியாது. பொது இடத்தில் வி. முனிசாமியும், ஒதுக்கப்பட்ட இடத்தில் ஏ. ஜெயராமனும் வென்றார்கள். இருவரும் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சியினர். வன்னியர் தலைமையிலான ஒரு கட்சியின் வேட்பாளராகத் தலித் ஒருவர் வென்றார் என்பதை நாம் மறக்கக் கூடாது. இரு சமூகங்களும் ஒரே அணியில் நிற்க முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் 1954இல் படையாட்சியார் காமராசர் அமைச்சரவையில் சேர்ந்தார்; கட்சியும் கலைந்தது. அந்த முடிவு சேரியில் எடுக்கப்பட்டதல்ல.

இரட்டை உறுப்பினர் முறையில் இன்னொன்றும் இருந்தது. ஒதுக்கப்பட்ட இடம் போக, மீதி இடம் யார் அதிக வாக்கு பெற்றாரோ அவருக்கு. 1957இல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் தொகுதியில் இரண்டு இடங்களையும் பழங்குடியினரே வென்றார்கள். தோற்றவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி. அவர் வழக்குத் தொடுத்தார். அந்த வெற்றி செல்லும் என்று 1959இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1961இல் இரட்டை உறுப்பினர் முறையையே சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

இதன் வேர் 1932இல் இருக்கிறது. வகுப்புவாரித் தீர்ப்பு மாகாண சட்டசபைகளில் தந்தது 71 இடங்கள். ஆனால் அந்த இடங்களுக்கு வாக்களிக்கும் உரிமை நம்மிடமே இருந்தது. பூனா ஒப்பந்தம் இடங்களை 148 ஆக்கியது. தீர்மானிக்கும் வாக்கைப் பொதுவாக்கியது. முதலில் தலித் வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பது என்ற ஏற்பாடு அதில் இருந்தது. சுதந்திர இந்தியாவின் தேர்தல் முறையில் அதற்கு இடமில்லாமல் போனது. எண்ணிக்கை கூடியது, தேர்வு கைமாறியது.

இன்று தனித்தொகுதியில் நிற்பவர் தலித்தாக இருக்க வேண்டும், அவ்வளவே. வாக்களிப்பவர்கள் எல்லோரும். ஊர்த்தெருவும் காலனியும் சேர்ந்து போடும் வாக்கில்தான் அவர் வெல்ல வேண்டும். எனவே ஊர்த்தெருவை உறுத்தாதவரைத் தேடுவது கட்சிகளுக்கு வசதி. 2016இல் திண்டிவனத்தில் தி.மு.க. வென்றது 101 வாக்கு வித்தியாசத்தில். அதே தேர்தலில் காட்டுமன்னார்கோயில் தனித்தொகுதியில் தோழர் திருமாவளவன் தோற்றது 87 வாக்கில். ஒரு தெரு மனம் மாறினால் முடிவு மாறும் என்ற நிலையில், எந்த வேட்பாளர் சாதிக் கொடுமையைப் பேசத் துணிவார்?

பேச வேண்டிய மண் இது. 1978இல் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 1987இல் இடஒதுக்கீடு கேட்டு மறியல் செய்த வன்னியர்கள் காவல்துறையின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். இரண்டு துயரங்களையும் சேர்த்து நினைக்கும் அரசியல் இங்கே வளரவில்லை.

இருந்தும் அசைவு இருக்கிறது. மறுவரையறையில் திண்டிவனம் நாடாளுமன்றத் தொகுதி மறைந்து விழுப்புரம் தனித்தொகுதி வந்தது. அதன் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் திண்டிவனமும் வானூரும் தனி. அங்கே 2009இல் விடுதலைச் சிறுத்தைகள் மூவாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்றது. 2019இல் தோழர் ரவிக்குமார் உதயசூரியன் சின்னத்தில் வென்றார். 2024இல் பானைச் சின்னத்தில் வென்றார். கூட்டணி அதேதான். ஆனால் இரவல் சின்னத்திலிருந்து சொந்தச் சின்னத்துக்கு வந்த தூரம் சிறியதல்ல. நம் வேட்பாளரை நம் அமைப்பே முடிவு செய்தது என்பதே அதன் பொருள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். உங்கள் ஊரின் வாக்குச்சாவடி வாரியான முடிவுகளை எடுங்கள். காலனி எப்படிப் போட்டது, ஊர் எப்படிப் போட்டது என்று பாருங்கள். பிறகு பெரியவர்களிடம் கேளுங்கள்: அந்த வேட்பாளரை யார் கொண்டுவந்தார்கள்? அதற்குக் கிடைக்கும் பதில்தான் இந்தத் தொகுதியின் வரலாறு.