டர்போ கார் வைத்திருக்கும் வணிகர்கள் கவனத்திற்கு

கடைக்கும் வீட்டுக்குமாக ஒரு கார் என்று வாங்கிய நம் உறுப்பினர்கள் சிலரிடம் இப்போது டர்போ பெட்ரோல் எஞ்சின் வந்திருக்கிறது. 2019-இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வெளிவந்த ஹூண்டாய் வென்யூவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டர்போ எஞ்சின் 998 சி.சி., மூன்றே சிலிண்டர். சக்தியோ சுமார் 120 குதிரைத் திறன்! அந்தக் காலத்து ஒரு லிட்டர் எஞ்சின் இதில் பாதி கொடுத்தாலே பெரிது.

வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் டர்போ, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிறது. நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும் அதன் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். பெட்ரோலும் வால்வுக்கு வெளியே தெளிக்கப்படாமல், மிகுந்த அழுத்தத்தில் நேரே சிலிண்டருக்குள் பாய்கிறது.

"டர்போ என்றாலே தொல்லை" என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. ஆனால் பழைய எஞ்சின் பொறுத்துக்கொண்ட அலட்சியத்தை இது பொறுக்காது என்பது உண்மை.

சிக்கல் நம் ஓட்டத்தில்தான் இருக்கிறது. விடிந்ததும் மார்க்கெட், பிறகு கடை, மதியம் பேங்க் என்று எல்லாமே இரண்டு மூன்று கிலோமீட்டர். எஞ்சின் நன்றாகச் சூடாகும் முன்பே நிறுத்திவிடுகிறோம். எரியாத பெட்ரோலும் நீர்த்துளியும் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்கின்றன. அளவு பார்க்கும் கம்பியில் ஆயில் ஏறியிருந்தாலோ, பெட்ரோல் வாடை அடித்தாலோ இதுதான் காரணமாக இருக்கக்கூடும். "மீட்டரில் 4,000 கிலோமீட்டர்கூட ஆகவில்லையே" என்று தள்ளிப்போடாதீர்கள். கம்பெனி புத்தகத்தில் கிலோமீட்டரோடு மாதக் கணக்கும் போட்டிருப்பார்கள். குறுகிய ஓட்டத்திற்குத் தனிக் கணக்கும் பெரும்பாலும் இருக்கும். நமக்கு உரியது அந்தத் தனிக் கணக்கே.

ஆயில் டப்பாவின் எழுத்தையும் பாருங்கள். கனத்த பாரத்தோடு டாப் கியரில் மெதுவாக உறுமிக்கொண்டு ஏறினால், இவ்வகை எஞ்சினில் பெட்ரோல் நேரம் தப்பி வெடித்து பிஸ்டனையே உடைத்துவிடலாம். இதைத் தடுக்கும் தரமாக 2020-இல் வந்தது ஏ.பி.ஐ. எஸ்.பி. கியரைக் குறைத்து ஏறுவதும் அவசியம். நெடுஞ்சாலையில் விரட்டி வந்தால் ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். இல்லையேல் டர்போவில் தேங்கிய ஆயில் கருகும்.

வால்வில் பெட்ரோல் படாததால் அதன் முதுகில் கரி படிவதும் உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் உதறும், இழுவை குறையும். டேங்கில் ஊற்றும் மருந்து அந்த வால்வை எட்டாது. அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். நன்றாகச் சுத்தம் செய்ய ஒரு வழி, அக்ரூட் ஓட்டைப் பொடித்துக் காற்றழுத்தத்தில் வீசுவது. நாம் பருப்பை விற்கிறோம், அவர்கள் ஓட்டை விற்கிறார்கள்!

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் கார்களில், குறுகிய ஓட்டத்தால் புகைக்கரி பில்டர் அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓட்டிவாருங்கள்.

பழைய டர்போ கார் வாங்குவோர், பேரேட்டைப் பார்ப்பது போல ஆயில் மாற்றிய பில்களைத் தேதிவாரியாகக் கேட்டுப் பாருங்கள். இரவு முழுதும் நின்ற வண்டியை உங்கள் முன்னிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போதே சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடலாம்.