பாதாளத் தொழிலாளரும் படத்தின் முடிவும்

ஜெர்மானியரான பிரிட்ஸ் லாங் எடுத்த ‘மெட்ரோபோலிஸ்’ என்னும் ஊமைப் படம் 1927-ம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி பெர்லினில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. அன்று தொடங்கிய வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

வருங்கால நகரமொன்றில் முதலாளிகளின் புதல்வர்கள் வானளாவும் மாளிகைகளில் களிக்கிறார்கள். பூமிக்கடியில் தொழிலாளிகள் பத்து மணி நேரம் யந்திரங்களோடு போராடி மடிகிறார்கள். அவர்களைக் கலகத்திற்குத் தூண்டிவிட்டு, அதையே சாக்காகக் கொண்டு அடக்குவதற்குப் பெண்ணுருவான யந்திரமொன்று ஏவப்படுகிறது. இதுவே கதை.

ஆங்கில ஆசிரியர் எச். ஜி. வெல்ஸ் அவ்வருஷமே இதைப் பரிகசித்தார். யந்திரம் பெருகப் பெருக மனிதனின் அடிமை உழைப்புக் குறையுமேயன்றிக் கூடாது என்பது அவர் வாதம். ஸ்பெயின் தேசத்து லூயி புனுவேல் கதையை இகழ்ந்து காட்சிகளை வியந்தார். 2001-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இப்படத்தை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

வெல்ஸின் வாதத்தை நாம் ஒப்புவதற்கில்லை. உழைப்பு குறைவதும் கூடுவதும் யந்திரத்தைப் பொறுத்ததல்ல; அதை ஆள்பவனைப் பொறுத்தது. படத்தின் குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. முடிவில் முதலாளியின் மகன் தந்தையின் கையையும் மேஸ்திரியின் கையையும் சேர்த்து வைக்கிறான். கூலி உயர்ந்ததா? நேரம் குறைந்ததா? பதிலில்லை. நெடுங்காலம் வெட்டுண்டு உலவிய படத்தின் ஏறக்குறைய முழுப் பிரதி 2008-ல் பூனஸ் அயர்ஸில் வெளிப்பட்டது. அதிலும் முடிவு அதுவே. லாங்கும் பிற்காலத்தில் அம்முடிவை ஏற்கவில்லை.

இரக்கம் நல்லதே, ஆனால் அது உரிமைக்கு ஈடாகாது.