கடல் கடந்த கணவரும் காத்திருக்கும் மனைவியும்

ஆடிப்பெருக்கு கழிந்த மறுவாரம் அது. காவிரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. மாலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்னர், முசிறியில் நமது குருமனைத் தாழ்வாரத்தில் ஒரு குடும்பத்தார் காத்திருந்தனர். தந்தை, தாய், சென்ற ஆண்டு பட்டப்படிப்பை முடித்த மகள் ஆகிய மூவர். தந்தையின் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதனுள் மகளின் பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ், திருமுழுக்குச் சான்றிதழ் யாவும் இருந்தன.

மகளுக்கு வரன் பேசி முடித்திருந்தனர். மணமகன் அமெரிக்காவில் பணிபுரிபவர். அந்நாட்டில் நிலையாகத் தங்கும் உரிமையை, கிரீன் கார்டு என்று நாம் சொல்லும் அந்த அட்டையை, மூன்றாண்டுகளுக்கு முன் பெற்றவர். செப்டம்பரில் அலுவலக வேலையாகப் பத்து நாட்கள் இந்தியா வந்து செல்வார்; நீண்ட விடுமுறை தை மாதத்தில்தான். ஆகவே திருமணம் தை மாதத்தில் என்று நாள் குறித்தாயிற்று. இவை யாவும் மகிழ்ச்சிக்குரிய செய்திகளே. ஆயினும் அத்தாய் தயங்கித் தயங்கி ஒரு வேண்டுகோளை வெளியிட்டார்.

"சாமி, நீங்க ஒரு சர்டிபிகேட் மட்டும் எழுதிக் குடுத்தாப் போதும். கல்யாணம் தையிலே நடக்கத்தானே போகுது. பேப்பரை இப்பவே அனுப்பிட்டா பொண்ணு அஞ்சு மாசம் முந்திப் போயிடும்னு மாப்பிள்ளை வீட்டிலே சொல்றாங்க."

நடவாத திருமணத்திற்கு நடந்ததாகச் சான்று! கோபம் கொள்ளத்தக்க வேண்டுகோள்தான். எனினும் எனக்குக் கோபம் எழவில்லை. அவர்கள் வஞ்சகர் அல்லர், அஞ்சியிருந்தனர். அவ்வச்சத்தின் காரணத்தைத் தந்தையே சொன்னார்: "எங்க அப்பாயி பதினோரு வருசம் காத்திருந்தவங்க சாமி."

அவர் சொன்ன கதை இப்பக்கத்து ஊர்கள் பலவற்றின் கதை. முசிறி, துறையூர், நாமக்கல் பகுதிகளிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகளின் பின்னே சென்ற குடும்பங்கள் எண்ணிறந்தவை. ஆள் சேர்ப்பதற்காக இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் தன் தலைமையிடத்தைத் திருச்சிராப்பள்ளியிலேயே அமைத்திருந்தது என்றால், இம்மாவட்டத்தின் பங்கை நாம் ஊகித்துக்கொள்ளலாம். திருச்சி வழியே செல்லும் போட் மெயிலில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். கணவன் தோட்டத்தில் இருப்பதும், மனைவி பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்து, மாமியார் மாமனாரைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே ஓரிரண்டு ஆண்டுகள் தங்கிவிடுவதும் அந்நாளில் வழக்கமாக இருந்தன. எவரும் அதைப் பிரிவு என்று கருதவில்லை.

அப்பாயியும் அவ்வாறு வந்தவரே. அவர் ஊரில் இருந்தபோதே சட்டங்கள் மாறின. 1948ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குடிவரவுச் சட்டம் 1949 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை கணவனிடம் செல்லக் கப்பல் ஏறினால் போதும் என்றிருந்த பெண்ணுக்கு, அன்று முதல் பாஸ்போர்ட்டும் விசாவும் தேவையாயின. அவ்வாண்டிலேயே இலங்கை வாழ் இந்தியர், பாகிஸ்தானியருக்கான குடியுரிமைச் சட்டமும் வந்தது. மணமானவர் விண்ணப்பித்தால் அவர் மட்டும் நெடுங்காலம் அங்கே வாழ்ந்திருந்தால் போதாது. மனைவியும் திருமணமான முதலாண்டு நிறைவதற்குள் இலங்கை வந்து, இடைவிடாமல் அங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு செல்லும் நம் வழக்கத்தை அதை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1951 ஆகஸ்டு 5ஆம் நாளுக்குள் 8 இலட்சத்திற்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கே. அப்பாயியின் கணவருக்குக் கிடைக்கவில்லை. பதினோராண்டுகள் தோட்டத்திலிருந்து கடிதமும் பணமும் வந்தன. பின்னர் அவரே திரும்பி வந்தார். மூத்த மகனுக்குத் தந்தையின் முகம் தெரியவில்லையாம்.

மலாயா சென்றோர் நிலையும் ஏறத்தாழ இதுவே. ஐந்தாண்டுகள் தொடர்ந்து கணவனைப் பிரிந்து வாழ்ந்த மனைவி இனி உள்ளே வர இயலாது என்று 1959இல் அங்கே விதி செய்தனர். ஊரிலிருந்து மாமியாரைப் பேணிய பெண்ணுக்குக் கிடைத்த தண்டனை அது.

திருமணச் சான்றின் பெயரால் நம் பெண்கள் பட்ட பாட்டிற்கு இன்னும் பழைய சான்றும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாணத்தில் 1913 மார்ச் 14 அன்று நீதிபதி செர்ல் ஒரு தீர்ப்பளித்தார். இந்தியாவிலிருந்து கணவனோடு வாழ வந்த பாய் மரியம் என்ற இஸ்லாமியப் பெண்ணை உள்ளே விட மறுத்த வழக்கு அது. கிறிஸ்தவ முறைப்படி நடவாத, பதிவு செய்யப்படாத திருமணங்கள் அந்நாட்டில் செல்லா என்று பொருள்படும்படி தீர்ப்பு அமைந்தது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான இந்து, இஸ்லாமியப் பெண்கள் மனைவியர் என்ற நிலையை இழந்தனர். காந்தியடிகளின் போராட்டத்தில் பெண்கள் சிறை புகுந்தது இதன் பின்னரே. தமிழ்ப் பெண்கள் முன்னணியில் நின்றனர். சிறையிலிருந்து நோயுற்று வெளிவந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தார். அவ்வாண்டிலேயே இந்தியர் நிவாரணச் சட்டம் அத்திருமணங்களை ஏற்றது. நமது கோவில் ஏட்டில் எழுதப்பட்ட திருமணம் மட்டும் அன்று கேள்வியின்றிச் செல்லுபடியானது என்பது நமக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் அவ்வேட்டின் ஒரு வரிக்கு எத்தகைய எடை உண்டு என்பதை அது காட்டுகிறது. அந்த வரியைத்தான் அத்தாய் என்னிடம் முன்கூட்டியே எழுதித் தரச் சொன்னார்.

நான் மறுத்தேன். மறுத்ததற்குத் திருச்சபைச் சட்டம் ஒன்றே காரணமன்று. பொய்யான சான்றைக் கொடுத்து விசா கோரியது வெளிப்பட்டால், அமெரிக்கச் சட்டம் அப்பெண்ணுக்கு வாழ்நாள் முழுவதும் கதவை அடைத்துவிடும். அதற்கு விலக்குப் பெறலாம் எனினும் அது எளிதன்று. செப்டம்பரில் பத்து நாட்கள் மட்டும் இந்தியாவில் இருந்தவர் ஆகஸ்டில் முசிறியில் திருமணம் செய்ததாக ஏடு சொன்னால், பாஸ்போர்ட்டின் முத்திரைகளே அதைக் காட்டிக்கொடுக்கும். ஐந்து மாதத்தை மீட்கப் போய் ஆயுள் முழுவதையும் பணயம் வைப்பதா?

"அப்படின்னா ரெஜிஸ்டர் ஆபீஸிலே எழுதி வெச்சுடலாமா சாமி? கோவில் கல்யாணத்தைத் தையிலே வெச்சுக்கலாம்" என்றார் தந்தை. இவ்வழியைப் பலரும் மேற்கொள்வதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி, எச்சமயத்தாரும் தம் திருமணத்தை 90 நாட்களுக்குள் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் உண்டு. ஆனால் அது நடந்து முடிந்த திருமணத்தைப் பதிவதே. பதிவு அலுவலகத்திலேயே திருமணம் செய்துகொள்வதானால் சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவ்வாறு செய்துகொண்ட கத்தோலிக்கர் இருவர், நாட்டின் சட்டத்தில் கணவன் மனைவியர். திருச்சபையின் முன் இன்னும் மணமாகாதவர்.

வேறொரு பங்கில் நான் பணியாற்றிய நாட்களில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். அங்கும் அவசரம் விசாவுக்காகவே. பதிவு அலுவலகத்தில் கையெழுத்தாயிற்று. மணமகன் விமானமேறினார். பெண் தாய்வீட்டில் இருந்தாள். கோவில் திருமணத்திற்குக் குறித்த நாள் இருமுறை தள்ளிப் போயிற்று. மூன்றாம் முறை, வேண்டாம் என்று ஒரு தொலைபேசிச் செய்தி வந்தது. ஒருநாளேனும் அவனோடு வாழாத அப்பெண், சட்டத்தின் கண்ணில் மனைவி. திருமணமாகி ஓராண்டு கழியாமல் மணமுறிவு மனுவே பொதுவாக ஏற்கப்படாது. மனு கொடுத்துத் தீர்ப்புப் பெறுவதற்குள் மேலும் ஈராண்டுகள் ஓடின. அடுத்து வந்த வரன்களிடம் அத்தாய் தந்தையர் இதை விளக்கிச் சொல்லும்போது பக்கத்தில் அமர்ந்திருந்தவன் நான். மறக்க இயலவில்லை.

திரையில் பார்த்தபடியே மணம் முடிக்கலாமே என்று கேட்போரும் உளர். 2022 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அமெரிக்காவிலிருந்த ஒருவருக்கும் கன்னியாகுமரி மாவட்டப் பெண்ணுக்கும் காணொளி வழியே திருமணம் நடத்த அனுமதித்தது உண்மையே. ஆனால் அமெரிக்கக் குடியேற்றச் சட்டமோ, இருவரும் ஒருவர் முன் ஒருவர் நின்று செய்யாத திருமணத்தை, அதன் பின்னர் அவர்கள் கணவன் மனைவியராகக் கூடி வாழ்ந்தாலன்றி ஏற்பதில்லை. நமது திருச்சபைச் சட்டம் பதிலாள் வழியாக மணம் செய்ய இடம் தருகிறது. அங்கும் தனி அதிகாரப் பத்திரம் வேண்டும். விசா வேலைக்கு இவை எளிய குறுக்குவழிகள் அல்ல.

இனி, அந்த விசாவைப் பெறும் வழியைச் சுருக்கமாகக் காண்போம். அங்கிருக்கும் கணவர்தாம் முதலில் ஐ-130 என்னும் மனுவை அளிக்க வேண்டும். அவர் அந்நாட்டுக் குடிமகனாயின் மனைவிக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. கிரீன் கார்டு உடையவராயின் ஆண்டு வரம்பு உண்டு. அவர்தம் மனைவியர், பிள்ளைகளுக்கென 1,14,200 விசாக்கள். அவற்றில் 77 விழுக்காடு மனைவிக்கும் மணமாகாத இளம் பிள்ளைகளுக்கும் உரியது. மனு சேர்ந்த நாள்தான் வரிசையில் நம் இடம். அவ்வரிசை எதுவரை வந்துள்ளது என்பதை அந்நாட்டு வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடுகிறது. சில காலம் விரைந்து நகரும். சில காலம் பின்னோக்கியும் செல்லும். பிரிவு நீண்டு போயிற்று என்பதற்காகவே 2000ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டுப் பேராயம் வி விசா என்ற தற்காலிக வழியைத் திறக்க நேர்ந்தது. அதுவும் அவ்வாண்டு டிசம்பர் 21 வரை மனு அளித்தோர்க்கு மட்டுமே பயன்பட்டது. முறை வந்ததும் கணவரின் வருமானம் அங்குள்ள வறுமைக்கோட்டைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருப்பதாக உறுதிப் பத்திரம், காவல்துறை நற்சான்று, மருத்துவப் பரிசோதனை, இறுதியில் நேர்காணல். சென்னையில் துணைத் தூதரகம் இருப்பினும் குடியேற்ற விசாவின் நேர்காணலுக்குப் பெரும்பாலும் மும்பைக்கே செல்ல வேண்டும். திருமணமாகி ஈராண்டு நிறையுமுன் அங்கே சென்று இறங்கினால், முதலில் ஈராண்டுக்கு மட்டுமே உரிமை தந்து, பின்னர் இருவரும் சேர்ந்து மீண்டும் மனுச் செய்யச் சொல்வர். பொய்த் திருமணங்களைத் தடுக்க 1986இல் வந்த விதி இது.

பிற நாடுகளும் தத்தம் வேலியை வைத்துள்ளன. செவிலியராகச் சென்று பிரிட்டனில் நிலைபெற்ற நம் பெண்கள் பலர். அங்கே காத்திருப்பவர் கணவராகவும் இருக்கக்கூடும். மனைவியிடம் வரும் கணவருக்குக் கடுமையான விதி வைத்திருந்தது தவறு என்று 1985 மே மாதத்தில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னபோது, அந்நாட்டரசு மனைவியர்க்கான விதியையும் அதே அளவு கடுமையாக்கிச் சமன் செய்துகொண்டது! வாழ்க்கைத் துணையை அழைப்பவருக்கு ஆண்டு வருமானம் 29,000 பவுன் வேண்டும் என்று 2024 ஏப்ரலில் உயர்த்தியதும் அந்நாடே. குடிபெயர்ந்த தொழிலாளர் தம் குடும்பத்தோடு விரைவில் ஒன்றுசேர உரிமையுடையவர் என்று 1983இல் திருப்பீடம் வெளியிட்ட குடும்ப உரிமைகள் சாசனம் சொல்லுகிறது. அரசுகள் அதற்குச் செவிசாய்த்தன என்று சொல்வதற்கில்லை.

நம் கையில் உள்ள ஒன்றைப் பற்றியும் சொல்லவேண்டும். அது பெயர். அவ்வுறையிலிருந்த தாள்களை விரித்தபோது, திருமுழுக்கு ஏட்டில் இரண்டு புனிதர் பெயர்களும், பள்ளிச் சான்றில் அவற்றுள் ஒன்றும், பாஸ்போர்ட்டில் அதே பெயர் வேறு எழுத்துக்கூட்டலிலும் இருக்கக் கண்டேன். "ரெண்டு எழுத்துத்தானே, திருத்திடுங்க" என்பர். ஏட்டில் மை தொட்டு அடித்தெழுத எனக்கு உரிமையில்லை. மேலிட அனுமதி பெற்று ஓரக் குறிப்பாகச் சேர்க்கலாம். இரு பெயரும் ஒருவரையே குறிப்பன என்ற உறுதிமொழிப் பத்திரமும் உதவும். திருமணம் பேசத் தொடங்கும் நாளிலேயே இதைக் கவனித்தால் எவருக்கும் இடரில்லை. திருமணத்திற்கு முந்தின நாள் மாலை என் கதவைத் தட்டுவோருக்கு நான் என்ன செய்ய இயலும்?

அன்றிரவு நெடுநேரம் பேசினோம். செப்டம்பரில் மாப்பிள்ளை வரும் அப்பத்து நாட்களில் கோவிலிலேயே திருமணத்தை நடத்தினால் என்ன என்று வினவினேன். மண்டபம் கிடைக்காது, உறவினர் வர இயலாது, ஐந்நூறு பேருக்கு விருந்து வைக்க நேரமில்லை என்று ஒவ்வொன்றாகத் தாய் அடுக்கினார். விருந்தைத் தை மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மணத்தை ஏன் ஒத்திவைக்கிறீர்கள் என்றேன். தந்தை தலையசைத்தார். தொலைபேசியில் மாப்பிள்ளையையே கேட்டனர். அங்கே அது காலைவேளை. ஒரு நொடியும் தயங்காமல் அவர் சரி என்றாராம்.

அதுவரை வாய் திறவாதிருந்த மகள் அப்போதுதான் கேட்டாள்: "எத்தனை வருசம் ஆகும் சாமி?" வரிசை எப்படி நகரும் என்பதை எவரும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது என்றேன். அவர் கிரீன் கார்டு பெற்று ஐந்தாண்டு நிறைந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தபின் வரிசையே இல்லை. ஐந்தில் மூன்று கழிந்துவிட்டது என்பதையும் சொன்னேன். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

அங்குள்ள பங்குத்தந்தையிடமிருந்து, மாப்பிள்ளை மணமாகாதவர் என்ற சான்று சென்ற வாரம் வந்து சேர்ந்தது. கடந்த ஞாயிறன்று இரண்டாம் ஓலை வாசித்தேன். அம்மகள் திருச்சியில் பி.எட். வகுப்பில் சேர்ந்துவிட்டாள். இரண்டாண்டுப் படிப்பு. காலை ஏழு மணிப் பேருந்தில் புறப்படுகிறாள்.